நீ கழற்றாத சட்டை

அன்புள்ள மகனுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். ஒன்பது வருஷமாக நீ வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்றும், கிளம்பினால் "பஸ் எத்தனை மணிக்கு?" என்றும் கேட்டதைத் தவிர வேறொன்றும் நான் உன்னிடம் பேசியதில்லை. அதை ஒரு தண்டனை என்று நினைத்துத்தான் செய்தேன். நேற்று மத்தியானம் உன் மாமா, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இனி என் வாசற்படி ஏறக்கூடாது என்று நான் விரட்டிவிட்ட உன் அம்மாவின் தம்பி, மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கே வந்து மேசைக்கு எதிரில் நின்றான். உனக்குத் தையல் பிரித்து, கட்டும் எடுத்து, புண் நன்றாக ஆறிவிட்டது என்றான். அறுத்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியதில் கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதாம். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்று சாயங்காலம் குமாஸ்தா மூன்று கோப்புகளைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார். மூன்றிலும் தேதி போடாமல் கையெழுத்திட்டிருந்தேன். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். சிதம்பரத்தில், பெண் வீட்டில். உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தின் கடைசி வரியை நானும் படித்தேன். நான் படிக்கும்படிதான் அவள் மேசைமேல் வைத்திருந்தாள். "அப்பாவை நான் கூப்பிடவும் மாட்டேன், வர வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் உன் கல்யாணத்தில் வந்து நிற்கலாமா கூடாதா என்பதை நானே யோசித்து முடிவு செய்யும்படி விட்டிருக்கிறாய். அதை யோசிக்க வேண்டுமானால் முதலில் நான் செய்ததையெல்லாம் உன்னிடம் சொல்லியாக வேண்டும். எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. எழுதத்தான் வரும்.

உனக்குப் பதினைந்து வயது. மார்கழித் திருவாதிரைக் கூட்டம் கலைந்த மறுவாரம் நாம் சிதம்பரம் போனோம். நான், நீ, உன் அம்மா, துணைக்கு உன் மாமா. என் மேலதிகாரியும் தன் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரோடு சேர்ந்து தரிசனம் செய்வது எனக்கு ஒரு பெருமையாக இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொன்னம்பலத்தின் முன்னால் மேலே ஏறும் படியில் தீட்சிதர், "சட்டையைக் கழட்டிட்டு மேலே வாங்கோ" என்றார். அங்கே எல்லா ஆண்களும் எப்போதும் செய்வதுதான். மேலதிகாரி கழற்றினார், நான் கழற்றினேன், அவருடைய மகன்கள் இரண்டு பேரும் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். நீ மட்டும் ஓர் அடி பின்னால் போனாய். "நான் வரல" என்றாய். "ஏன்?" என்றேன். "வரலன்னா வரல" என்றாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் தூணோரம் நின்ற உன் மாமாவைத்தான் பார்த்தேன். சாமியில்லை என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவன், அக்காவுக்காகக் கோயில்வரை வந்து, வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். இவன் கெடுத்துவிட்டான், என் பிள்ளையையும் கருப்புச் சட்டைக்காரன் ஆக்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். என் மேலதிகாரி, "என்ன சார், பையன் நம்ம பக்கம் இல்லையா?" என்று லேசாகக் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் உன்னை அறைந்தேன். உன் சட்டைப் பொத்தானில் கை வைத்து இழுக்கவும் செய்தேன். மேல் பொத்தான் தெறித்தது. நீ இரண்டு கையாலும் மார்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அழவில்லை. கொள்கைப் பிடிவாதம் என்று அதையும் உன் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்குக் கீழே இருந்தவருக்குப் போயிற்று. அன்று கோயிலில் நடந்ததுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. நான் எல்லோரோடும் சண்டை போடுகிறவன், எவனோடும் சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவன் என்று மேலிடத்தில் என்னைப் பற்றிய ரகசியக் குறிப்பில் எழுதியிருந்ததை நான் பிறகு பார்த்தேன். ஆனாலும் உன்மேலும் உன் மாமாமேலும் பழி போடுவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. ஆட்சி மாறி அவனுடைய ஆட்கள் மேலே வந்தபோது என் வயிற்றெரிச்சல் இரண்டு மடங்காயிற்று. அவனுடைய முதுநகர் அச்சுக்கூடத்தில் அச்சடித்த சுவரொட்டிகளைப் பார்க்கக்கூடாது என்று சுற்று வழியில் அலுவலகம் போனேன்.

அதன்பிறகு நீ செய்ததெல்லாம் எனக்குச் சாட்சியாகவே பட்டது. சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போனதும் கருப்புச் சட்டையாகத் தைத்துப் போட ஆரம்பித்தாய். நான் சந்தேகப்பட்டதை நீயே ஊர்ஜிதம் செய்துவிட்டாய் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். கருப்பில் உடம்பின் மேடு பள்ளம் தெரியாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்பது பி.ஏ. படித்த என் மண்டைக்கு எட்டவில்லை. கூன் போட்டு உட்கார்ந்தாய். "நிமிந்து உக்காரு" என்று அடிக்கோலால் முதுகில் தட்டினேன். தேவனாம்பட்டினம் கடலில் எல்லாப் பிள்ளைகளும் குதித்தபோது நீ மணலில் செருப்புக்குக் காவல் இருந்தாய். விடுதியில் நீ விடியுமுன்னே எழுந்து தனியாகக் குளிக்கிறாய், யாரோடும் ஒட்டுவதில்லை என்று காப்பாளர் எழுதினார். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் என் மானத்தை வாங்குகிறாய் என்று உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். நீ பதில் போடவில்லை.

இருபத்தொரு வயதில் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு உன்னை நான்தான் மனுப்போட வைத்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மார்பளவு எடுத்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நான் வேலியோரம் நின்றிருந்தேன், நீ பார்க்கவில்லை. எல்லோரும் சட்டை பனியனைக் கழற்றி வரிசையில் நிற்கிறார்கள். உனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். மூன்று பேர். நீ நுழைவுச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு விலகி, நேராக மைதானத்தைக் கடந்து போய்விட்டாய். உனக்கு உயரம் இருந்தது, படிப்பு இருந்தது, ஓட்டத்தில் இரண்டாவதாக வந்திருந்தாய். சர்க்கார் உத்தியோகத்தைக் காலால் உதைக்கிறான், எல்லாம் அந்த மாமனுடைய போதனை என்று அன்றைக்கும் சொன்னேன். நாற்பது ஆண்கள் சட்டையில்லாமல் நிற்கும் இடத்திலிருந்து ஒருவன் மட்டும் ஏன் நடந்து போகிறான் என்று ஒரு தரம் யோசித்திருந்தால் போதும். கண்ணுக்கு எதிரில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

இப்போது நான் மிகவும் கஷ்டப்பட்டு எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். புரட்டாசிக் கடைசியில் நீ இருக்கும் சென்னையிலிருந்து ஒரு நீளக் கவர் என் பெயருக்கு வந்தது. உள்ளே ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்று. நெருங்கிய உறவினர் சம்மதம் என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தது. அதோடு உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: "சிறிய அறுவைதான். கையெழுத்துப் போட்டு அனுப்பவும்." படிவத்தில் நோயின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. கைனகோமாஸ்டியா, இருபுறமும். அகராதியைப் பார்க்காமலே பாதி புரிந்தது. பார்த்தபோது மீதியும் புரிந்தது. ஆணுக்குப் பெண்ணைப்போல மார்பு வளர்வது. அதை அறுத்தெடுத்து மார்பைச் சமன் செய்யப் போகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு அந்தத் தெறித்த பொத்தான் ஞாபகம் வந்தது. நீ ஏன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய் என்று ஒன்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

புரிந்த பிறகு ஒரு தகப்பன் என்ன செய்வான்? உடனே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பான். நான் அந்தப் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதினோரு நாள் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கிவிட்டானே என்று உன்மேல் கோபம். நாத்திகன் என்று திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அப்பாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று நினைத்தாயே என்று இன்னொரு கோபம். வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்ற பயம். முன்பொரு தரம் பத்திரிகையில் அழகுக்காகச் செய்யும் அறுவைகளைப் பற்றிப் படித்துவிட்டு, கொழுப்பெடுத்தவர்கள் செய்கிற வேலை என்று உன் எதிரிலேயே சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நீ மறந்திருக்க மாட்டாய். என் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் சேர்வதா என்று ஒரு வீம்பு. பன்னிரண்டாம் நாள் பேனாவைத் திறந்தேன். அன்றைக்குத்தான் உன் அம்மாவுக்குக் கடிதம் வந்தது: "வேறு படிவத்தில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார், நாளை அறுவை." கையெழுத்துப் போடுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். நீ உன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. அந்தப் படிவம் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது.

அதன்பிறகு இரண்டு மாதம் எனக்கு ஒரு செய்தியும் கிடையாது. நான் கேட்கவில்லை. உன் அம்மாவும் சொல்லவில்லை. அவள் அறுவைக்கு மறுநாள் புறப்பட்டுப் போய் நான்கு நாள் உன்னோடு இருந்துவிட்டு வந்தாள், வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முயன்றேன். அவள் முகத்தை எனக்குக் காட்டவில்லை. அதனால்தான் நேற்று உன் மாமாவைப் பார்த்ததும், பகையெல்லாம் மறந்து, கெட்ட செய்தியோ என்று முதலில் பயந்தேன்.

"மச்சான், அஞ்சு நிமிசம் வெளிய வாங்க" என்றான்.

"இது ஆபீஸ் நேரம்."

"ஆபீஸ் நேரம்னுதான் வந்தேன். வூட்டுக்கு வந்தா கதவச் சாத்துவீங்க. இது சர்க்கார் கதவு, சாத்த முடியாதுல்ல?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். செய்தியைச் சொல்லிவிட்டு அவன் நகரவில்லை. வேறு வழியில்லாமல் எதிர்சாரி டீக்கடைக்குப் போனேன். "ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை ஜாஸ்தி, இவருக்கு வாய் ரொம்பக் கசப்பு" என்றான் கடைக்காரரிடம். தலை நரைத்திருக்கிறது, நாக்கு அப்படியே இருக்கிறது.

"பையன் என்னிக்காவது சாமி இல்லன்னு உங்ககிட்ட சொன்னானா மச்சான்?"

"சொல்லல. ஆனா..."

"நான் சொல்லிக்குடுத்தேன்னு சொன்னானா?"

"இல்ல."

"பின்ன? காலேஜுல படிச்சப்ப வெள்ளிக்கெழம தவறாம கோயிலுக்குப் போவான். மேல ஏற மாட்டான், அவ்ளோதான். கீழ நின்னே கும்புட்டுட்டு, எனக்கு வேற துன்னூறு மடிச்சிக் கொண்டாருவான். நானும் அவன எங்க பக்கம் இழுக்கலாம்னு எவ்ளவோ பாத்தேன், ஒண்ணும் நடக்கல. உங்க புள்ளையாச்சே, அவன எவன் மாத்துறது?"

டீ எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவனும் சிரித்தான். டீக்கடையில் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. ஒன்பது வருஷம் நான் சுமந்து திரிந்த கோபத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஏமாற்றமாக இல்லை, அப்பாடா என்று இருந்தது.

பிறகு அவன் எல்லாம் சொன்னான். விடுதியில் உனக்கு டைபாய்டு கண்டபோது அச்சுவேலையாகச் சிதம்பரம் வந்த அவன்தான் முதலில் பார்த்தானாம். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைக்கச் சட்டையைத் தூக்கச் சொல்ல, நீ காய்ச்சலிலும் முடியாது என்றாயாம். அவன் அறையிலிருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் தரம் கேட்டானாம். "என்னடா கஷ்டம், மாமாகிட்ட சொல்லு." அவ்வளவுதான். நான் கோயிலில் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தரம் கேட்டேன். அவன் தனியாக இரண்டாம் தரம் கேட்டான். எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான், ஆனால் அது ஒன்பது வருஷ வித்தியாசம்.

சென்னை மருத்துவர் சொன்னதையும் அவன் விரலை மடக்கிச் சொன்னான். பதின்மூன்று பதினான்கு வயதில் பல பையன்களுக்கு இப்படி வருமாம், பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்தில் தானாக வற்றிவிடுமாம். உனக்கு வற்றவில்லை. அதில் உன் தப்பும் இல்லை, எங்கள் தப்பும் இல்லை. உள்ளே இருப்பது வெறும் கொழுப்பில்லை, கெட்டியான சுரப்பி. அதனால் பட்டினி கிடந்தும் தண்டால் எடுத்தும் போகாது. நெய்யைக் குறைக்கச் சொல்லி உன் அம்மாவைத் திட்டியவன் நான். ஊசி போட்டுக் கரைக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் போகாதே என்று அவர் எச்சரித்தாராம். மிஞ்சியது கத்தி. முன்பெல்லாம் மார்புக்குக் கீழே நீளமாகக் கீறுவார்களாம், தழும்பு காலத்துக்கும் தெரியும். இப்போது முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறைபோலக் கீறி, அதன் வழியாகவே சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள். நிறம் மாறுகிற இடத்தில் தழும்பு மறைந்துவிடும். முழுவதும் சுரண்டி எடுத்தால் பள்ளம் விழும் என்று அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்களாம். ரத்தம் கட்டிக்கொள்ளலாம், சில நாள் மரத்துப்போகலாம், நம் தோலுக்குத் தழும்பு தடித்தும் போகலாம் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்துக் கேட்டார் என்றான். கேட்கக் கேட்க எனக்கு அந்த மருத்துவர்மேல் மரியாதை வந்தது. நான் அப்படி யாரைப் பற்றியும் சுலபமாகச் சொல்கிறவன் இல்லை.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் லால்பேட்டைக்காரர் ஒருவரோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டதாம். மலேயாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். அவருடைய மனைவிக்கு மார்பின் பாரம் தாங்காமல் தோளில் உள்ளாடை வார் பதிந்து புண்ணாகி, முதுகு நிமிர முடியாமல் போயிற்று. பாரத்தைக் குறைத்து, காம்பையும் மேலே ஏற்றி வைக்கிற பெரிய அறுவை. நீளத் தழும்பு இருக்கும், இனிமேல் குழந்தை பெற்றால் பால் கொடுக்க முடியாமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்களாம். அவளே யோசித்து, செய்துகொள்கிறேன் என்றாளாம். அதே மருத்துவரிடம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வந்த இன்னொரு பெண்ணை அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். மேல்நாட்டில் இப்போது சிலிகோன் பையை உள்ளே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், சிலர் திரவமாகவே ஊசியில் ஏற்றுகிறார்கள், பத்து வருஷம் கழித்து அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரியாததை நான் செய்ய மாட்டேன் என்றாராம். கொழுப்பெடுத்தவர்கள் வேலை என்று நான் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டதற்குள் இத்தனை விதமான மனுஷர்கள் இருந்திருக்கிறார்கள்.

லால்பேட்டைக்காரரிடம் உன் மாமா, "யோசிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்களா பாய்?" என்று கேட்டானாம். "யோசிக்க என்ன இருக்குது? வலிக்குதுன்னு அவ சொல்றா. கையெழுத்துத்தானே கேட்டாங்க, கையவா கேட்டாங்க?" என்றாராம். உன் மாமா இதைச் சொல்லிவிட்டு டீக்கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் குத்திக்காட்டச் சொன்னானா, சும்மா சொன்னானா தெரியவில்லை. அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிப்பதற்கு அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டம். ஒன்பது வருஷம் ஒருவனை வெறுத்துப் பழகியவனுக்கு அந்த வெறுப்பை வைக்க வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு என்மேலேயே வைத்திருக்கிறேன். போகப் போகக் குறையும் என்று நினைக்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?" அவள் கறி நறுக்குவதை நிறுத்தவில்லை. "கெட்டித் துணியில, இறுக்கமா பனியன் தச்சித் தாம்மான்னு பதினாலு வயசுல கேட்டான். சித்திரை மாசத்துல எவன் கெட்டித் துணி கேப்பான்? தெரியாமயா இருக்கும்?" என்றாள். "என்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, நீங்களே சொல்லுங்க." அவள் உனக்கு அந்த வயதிலிருந்து வருஷத்துக்கு ஆறு பனியன் தைத்திருக்கிறாள். துணி வீணாகிறது என்று அதற்கும் கத்தியவன் நான்.

கல்யாணமாகிப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஆனாலும் என் தப்பிலிருந்து நான் கற்றதைச் சொல்லலாம் அல்லவா? உன் மனைவியோ, நாளைக்கு உன் பிள்ளையோ, காரணம் சொல்லாமல் ஒன்றை மாட்டேன் என்றால், காரணத்தை நீயே எழுதிக்கொள்ளாதே. மற்றவர்களை அனுப்பிவிட்டு இன்னொரு தரம் கேள். உடம்பைப் பற்றி ஒருவர் பேச வந்தால் சிரிக்காதே. வலி என்று ஒருவர் சொல்லும்போது, அது எந்த இடத்து வலி, வெட்கப்பட வேண்டிய இடமா என்றெல்லாம் பார்க்காதே. அந்தப் பெண்ணிடம் நீ நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டாய் என்று உன் மாமா சொன்னான். "எனக்காகப் பண்ணிக்காதீங்க. உங்களுக்கு வேணும்னா பண்ணிக்குங்க" என்று அவள் பதில் போட்டாளாம். இதற்குமேல் நான் உனக்குப் புத்தி சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு ஐம்பது வயதில் விளங்காதது அவளுக்கு இருபதில் விளங்கியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முதல் நாள் உனக்கு நலங்கு வைப்பார்கள். மணையில் உட்கார வைத்து, சட்டையில்லாத உடம்பில் மஞ்சள் பூசுவார்கள். இந்தச் சடங்குக்குப் பயந்துதான் நீ மூன்று வருஷமாகக் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை என்றும் நேற்றுத்தான் தெரிந்தது. சீர்திருத்தக் கல்யாணம்தான் செய்துகொள்வேன் என்று அடம்பிடிக்கிறாய் என நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தாயா? "இப்ப அவனே சொல்லிட்டான் மச்சான், நலங்கு கண்டிப்பா வேணும்னு. கட்டுப் பிரிச்ச அன்னிக்கிக் கண்ணாடி முன்னால ஒரு மணி நேரம் நின்னான்" என்றான் உன் மாமா. நான் கண்ணாடியை நினைத்துப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கிற உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். வருகிறேன். உன் அம்மாவோடு முதல் நாளே ரயிலில் வந்துவிடுகிறேன். முதல் மஞ்சளை உன் மாமா வைக்கட்டும். தாய்மாமன் என்பதற்காக இல்லை, கையெழுத்துப் போட்டவன் என்பதற்காக. நான் கூட்டத்தில் ஒருவனாக நிற்கிறேன். நீ கூப்பிட்டால் வந்து மஞ்சள் வைக்கிறேன். கூப்பிடாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அதுவே எனக்குப் போதும். கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் கோயிலுக்குப் போவீர்கள். நீ சட்டையைக் கழற்றிப் பொன்னம்பலத்துப் படியில் ஏறுவாய். அன்றைக்கு உன் மாமா வழக்கம்போல் தூணோரம் நிற்பான். நானும் மேலே ஏறாமல் அவன் பக்கத்தில் நின்று அவனுடைய வேர்க்கடலையில் பாதியை வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. கேட்ட இடத்தில் போடாத கையெழுத்தைக் கேட்காத இடத்தில் போட எனக்கு உரிமையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கையெழுத்தில்லாமல் வருகிற மனு எதன்மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் அலுவலகத்து விதி. படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்துவிடலாம், பதில் எழுத வேண்டாம். உனக்கும் அந்தச் சௌகரியம் இருக்கட்டும். யார் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தே உனக்குத் தெரியும். இனிக் கவரை ஒட்டப் போகிறேன். அலுவலகம் போகிற வழியில், சுற்று வழியில் இல்லை, முதுநகர் அச்சுக்கூடத்துக்கு எதிரில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் போடுகிறேன்.